ஒப்புதல் பெறாத வளையம்

கதிர் வடிவ ஆராய்ச்சி மையத்தில் நான்கு மாடிகளிலும் சேர்த்து நூற்றுப்பதினாறு பேர் வேலை பார்த்தார்கள். லேசர் கதிரை எந்த வடிவத்தில் குவித்தால் இரண்டு உலோகத் தகடுகள் நன்றாக ஒட்டும் என்று கண்டுபிடிப்பதுதான் அவர்கள் வேலை. ஒன்பது வருடமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒன்பது வருடத்தில் அங்கே ஒரு தகடுகூட இன்னொரு தகடோடு ஒட்டியது கிடையாது. அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. ஒட்டுவது பட்டறைக்காரர்களின் வேலை, வடிவத்தைப் பற்றி யோசிப்பது மையத்தின் வேலை என்று அவர்கள் தெளிவாக இருந்தார்கள்.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு வெல்டர் தேவைப்பட்டதற்குக் காரணம் ஒரு தீ விபத்து.

போன மழைக்காலத்தில் நகரத்தின் மின்பேருந்து ஒன்று பாலத்து ஏற்றத்தில் தீப்பிடித்தது. பேருந்தின் அடியில் பேட்டரி வைக்கும் அலுமினியப் பெட்டி இருக்கிறது அல்லவா, அதன் ஒட்டுகளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருந்தன. மழைத்தண்ணீர் அந்த வழியாக உள்ளே போய்விட்டது. ஓட்டுநர் முப்பத்தோரு பயணிகளையும் இறக்கிவிட்டார். கதவு சிக்கிக்கொண்டதால் கொதிக்கிற கம்பியைக் கையால் பிடித்து இழுத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் அவருக்கு மடங்காது. அதே மாதிரிப் பெட்டியோடு இன்னும் அறுபது பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த மழைக்கு முன்னால் அறுபது பெட்டிகளையும் புதிதாக ஒட்டித் தர வேண்டும் என்று மேலிடம் மையத்துக்கு உத்தரவு போட்டது.

மையத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார்கள்.

வந்தவர் அந்த ஓட்டுநரின் அக்கா. இருபது வருடமாக வெல்டிங் செய்பவர். தண்ணீர்த் தொட்டியிலிருந்து பால்வண்டி வரைக்கும் அவர் கை படாத தகடு கிடையாது. ஆறு வருடம் லேசர் பட்டறையிலும் இருந்திருக்கிறார். நேர்முகத் தேர்வில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"வட்டம்னா என்னம்மா?" என்று கேட்டார் துணை இயக்குநர். வடிவக் குழுவின் தலைவரும் அவர்தான்.

வெல்டரம்மா விரலால் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

"அது சைகை. நான் வட்டத்தைக் கேட்டேன்."

"வரைஞ்சு காட்டவா சார்?"

"அது படம்."

வேலை கேட்டு வந்திருந்த மற்ற ஆறு பேரும் வட்டத்துக்குப் பிழையில்லாத விளக்கம் சொன்னவர்கள். ஆனால் அவர்களில் யாருக்கும் வெல்டிங் தெரியாது. வேறு வழியில்லாமல் வெல்டரம்மாவையே எடுத்துக்கொண்டார்கள். 'வட்டம் பற்றிய அறிவு: குறைவு' என்று அவருடைய கோப்பில் முதல் பக்கத்திலேயே எழுதினார்கள்.

இயந்திரம் நிலத்தடித் தளத்தில் இருந்தது. வெளியிலிருந்து வரவழைத்த உயர்ந்த ரக இயந்திரம். அதைச் சுற்றிக் கட்டியிருந்த சிவப்பு நாடாவை இன்னும் யாரும் வெட்டவில்லை. வெட்ட வேண்டிய பெரியவருக்கு ஒன்பது வருடமாக நேரம் கிடைக்கவில்லையாம். வெட்டாத நாடாவைத் தாண்டுவது விதிமீறல், குனிந்து போனால் விதிமீறல் இல்லை என்று காவலாளி சொல்லிக் கொடுத்தார். வெல்டரம்மா குனிந்து போய் உறையைப் பிரித்தார். உறைக்குள்ளேயே இயந்திரத்தின் கையேடும் இருந்தது, ஒட்டிய கவரோடு. அதைப் படிக்க அவருக்கு மூன்று நாள் பிடித்தது. அந்தக் கட்டடத்தில் அதைப் படித்த முதல் ஆள் அவர்தான் என்பது அவருக்குத் தெரியாது.

வேலை ஒன்றும் பெரிய மர்மமில்லை. கதிர் ஊசி முனை மாதிரி ஒரே புள்ளியில் இறங்கினால் அலுமினியம் பொங்குகிற பால் மாதிரிக் கொதித்துத் தெறிக்கும். ஆவி வெளியேறுவதற்குள் மேலே மூடிக்கொள்ளும். உள்ளே குமிழி குமிழியாகத் துளை நிற்கும். பழைய பெட்டிகள் அப்படி ஒட்டப்பட்டவைதான். அதே கதிரைப் பிரித்து, வெளியே ஒரு வளையமாகவும் நடுவில் சின்னப் புள்ளியாகவும் விட்டால் கதையே வேறு. வளையம் உலோகத்தை மெதுவாக இளக்கி வாயை அகலமாகத் திறந்து வைக்கும். நடுப்புள்ளி அவசரமில்லாமல் ஆழத்துக்கு இறங்கும். ஆவி ஒழுங்காக வெளியே போகும். எவ்வளவு வளையம், எவ்வளவு புள்ளி என்பதுதான் கேள்வி. வெல்டரம்மா துண்டுத் தகடுகளில் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பதினோராம் நாள், வளையத்துக்கு எழுபது பங்கு, புள்ளிக்கு முப்பது பங்கு என்று வைத்தபோது தெறிப்பு நின்றது. ஒட்டு ஆற்றுமணல் போலச் சீராக விழுந்தது. சின்னதாக ஒரு பெட்டி செய்து, உள்ளே காற்றை அடைத்து, தண்ணீரில் முக்கினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

சந்தோஷத்தில் நான்கு மாடியும் படியேறிப் போய்த் துணை இயக்குநரிடம் சொன்னார்.

துணை இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். "வளையத்தை உங்களுக்கு யாரு அனுமதிச்சது?"

"மிஷின்லயே இருக்கு சார். ஒரு குமிழைத் திருப்பினா வருது."

"மிஷின்ல ஆயிரம் இருக்கும்மா. மிஷின் வடிவக் குழுவுல உறுப்பினரா?"

அடுத்த வாரம் வடிவக் குழு கூடியது. நீளமான மேசையைச் சுற்றிப் பதினோரு பேர். வெல்டரம்மா மூலையில் நின்றார். அவர் கொண்டுவந்த பெட்டியை மேசைமேல் வைக்க விடவில்லை. மேசை கீறிவிடுமாம்.

வளையமும் புள்ளியும் ஒரு வடிவமா, இரண்டு வடிவமா என்பதிலேயே முதல் நாள் போயிற்று. இரண்டு என்றால் இரண்டு விண்ணப்பம் வேண்டும். ஒன்று என்றால் அதற்கு ஒரே பெயர் வேண்டும். அந்தப் பெயரை வைக்கிற அதிகாரம் பெயர்க் குழுவுக்கு இருக்கிறது. பெயர்க் குழு என்று ஒன்று இதுவரை அமைக்கப்படவில்லை.

இரண்டாம் நாள் வடிவமின்மைப் பிரிவின் தலைவி எழுந்தார். அங்கே அப்படி ஒரு பிரிவு உண்டு. குழு நிராகரித்த வடிவங்களை எங்கேயாவது வைக்க வேண்டுமே என்பதற்காக ஆரம்பித்தது. இப்போது அதில் முப்பது பேர் இருந்தார்கள்.

"வளையத்துக்கும் புள்ளிக்கும் நடுவுல ஒண்ணுமில்லாத ஒரு இடம் இருக்கு. அந்த ஒண்ணுமில்லாததுக்கு யார் பொறுப்பு? ஒண்ணுமில்லாதது எல்லாமே எங்க பிரிவோட எல்லை. எங்களைக் கேக்காம அதை எப்படிப் பயன்படுத்தலாம்?" என்றார் தலைவி.

கூட்டத்தில் சலசலப்பு. நியாயமான கேள்விதான் என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

வெல்டரம்மா மூலையிலிருந்து ஓரடி முன்னால் வந்தார். "மேடம், மழை வர இன்னும் அஞ்சு மாசந்தான் இருக்கு. இந்தப் பொட்டியைத் தண்ணியில முக்கிக் காட்டுறேன், நீங்களே பாருங்க. ஒரு நிமிஷம் போதும்."

"இது வடிவம் பத்தின கூட்டம்மா," என்றார் துணை இயக்குநர் பொறுமையாக. "தண்ணிக்கு வடிவம் கிடையாது."

மூன்றாம் நாள் இயக்குநரே வந்துவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"வளையம், புள்ளி. கேக்கவே சாதாரணமா இருக்கு. எந்தப் பட்டறையிலயும் எவனும் போட்டுடலாம். அப்புறம் நாம எதுக்கு? நம்ம மையத்துக்குன்னு ஒரு அடையாளம் வேணாமா? நான் இந்த மையத்தோட சின்னத்தைப் பாக்குறேன். பன்னிரண்டு முனை நட்சத்திரம், நடுவுல திறந்த புத்தகம். நானே வரைஞ்சது. கதிர் ஏன் அந்த வடிவத்துல வரக் கூடாது? ஒட்டு நாளைக்கு அறுந்துபோகலாம். ஆனா அறுந்த இடத்துலயும் நம்ம சின்னம் நிக்கும். அதுதான் ஆராய்ச்சி!"

கைத்தட்டல் அடங்க வெகு நேரமானது. ஒரு மூத்த விஞ்ஞானி கண்களைத் துடைத்துக்கொண்டார்.

சின்னத்தின் வடிவத்தில் கதிரை வளைக்கிற கண்ணாடி வில்லையைச் செய்து முடிக்க நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் வெல்டரம்மாவுக்குக் கொடுத்த வேலை, வட்டத்தைப் பற்றிய பயிற்சி வகுப்பு. வாரம் இரண்டு நாள். முடிவில் தேர்வு வைத்தார்கள். நூற்றுக்கு முப்பத்தெட்டு வாங்கினார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தம்பி கேட்பார். "என்னக்கா, பெட்டி ரெடியா?"

"புத்தகத்துல எத்தனை பக்கம் திறந்திருக்கணும்னு பேசிட்டிருக்காங்கடா."

"எந்தப் புத்தகம்?"

"கேக்காதே. எனக்கே தலை சுத்துது."

தம்பி சிரிக்கவில்லை. "ஏத்தத்துல போகும்போதெல்லாம் அந்த நாள் ஞாபகம் வருதுக்கா. பின்னாடி ஸ்கூல் பிள்ளைங்க கத்திக்கிட்டு வருதுங்க. எனக்குக் காதுல விழறது அடியில ஏதாவது சத்தம் வருதான்னு மட்டுந்தான்." மடங்காத இரண்டு விரலையும் மற்றக் கையால் தடவிக்கொண்டே சொன்னார். அக்காவால் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

செய்முறை விளக்க விழா நடந்தது. விருந்தினர்கள் வந்து இருக்கைகளில் அமர்ந்தார்கள். வெல்டரம்மா இயந்திரத்தை இயக்கினார். சின்னத்தின் வடிவில் கதிர் தகட்டில் இறங்கியது. பன்னிரண்டு முனைகளும் பன்னிரண்டு ஊசிகளாகக் குத்தின. இரண்டு சாண் நீளத்துக்கு ஒட்டி முடித்து எடுத்துப் பார்த்தால் தகடு சல்லடையாகியிருந்தது. அதன் வழியாக முதல் வரிசையில் இருந்தவர்களின் முகம் தெரிந்தது.

இயக்குநர் தகட்டை வாங்கி விளக்குக்கு எதிரே பிடித்தார். சுவரில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் விழுந்தன.

"ஆகா!" என்றார் ஒரு விருந்தினர்.

"காற்றோட்டமுள்ள இணைப்பு," என்றார் இயக்குநர். "இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல."

அறுபது பெட்டிகளையும் இந்த முறையிலேயே ஒட்டுவதென்று அங்கேயே கையெழுத்தானது. வெல்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு இயக்குநர் எதிரே போய் நின்றார்.

"சார், இந்த ஓட்டை வழியா தண்ணி உள்ள போகும். வண்டி மறுபடி எரியும். ஆளுங்க செத்துப்போவாங்க சார்."

இயக்குநர் அவரைக் கனிவோடு பார்த்தார். "உள்ள போற தண்ணி அதே ஓட்டை வழியா வெளிய வந்துடாதா? நீங்க எப்பவும் பாதியைத்தாம்மா யோசிக்கிறீங்க."

மறுநாள் அறுபது பெட்டிக்கான தகடுகள் நிலத்தடித் தளத்துக்கு வந்து இறங்கின. வெல்டரம்மா மனதைக் கல்லாக்கிக்கொண்டு முதல் பெட்டியை உத்தரவுப்படி சின்னத்தால் ஒட்டினார். குடத்துத் தண்ணீரை ஊற்றினார். பூவாளியில் செடிக்கு ஊற்றுவது மாதிரி கொட்டியது. பிறகு சின்னத்தின் வில்லையைக் கழற்றி, துணியில் சுற்றி, மேசை டிராயரில் வைத்தார். பழைய வில்லையை மாட்டினார். வளையத்துக்கு எழுபது, புள்ளிக்கு முப்பது.

யாருக்கும் தெரியாமல் செய்தார் என்று சொல்ல முடியாது. பட்டப்பகலில், அலுவல் நேரத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்தார். யாரும் இறங்கி வரவில்லை. மேலே வடிவக் குழு, நட்சத்திரத்தின் எந்த முனையை மேல்முனை என்று சொல்வது என்பதைப் பற்றிப் பத்தொன்பது நாள் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பத்தொன்பது நாளில் ஐம்பத்தொன்பது பெட்டிகளையும் ஒட்டிவிட்டு, சல்லடையாக இருந்த முதல் பெட்டிக்குப் பதிலாக மிச்சத் தகட்டில் இன்னொன்றும் செய்து முடித்தார். பேருந்துப் பணிமனை லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. சல்லடைப் பெட்டியும், முதலில் செய்து பார்த்த சின்னஞ்சிறு பெட்டியும் சேர்ந்தே போயின. ஒரே வாரத்தில் எல்லா வண்டிக்கும் பெட்டி மாட்டியாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் தர ஆய்வாளர் பூதக்கண்ணாடியோடு பணிமனைக்குப் போனார். எல்லா ஒட்டும் வழவழவென்று இருந்தது. நட்சத்திரத்தைக் காணோம், புத்தகத்தைக் காணோம். ஓடிவந்து சொல்லிவிட்டார்.

விசாரணை அன்றே தொடங்கியது.

"ஒட்டு உறுதியா இருக்குன்னு ஒத்துக்கிறீங்களா?" துணை இயக்குநர் கேட்டார்.

"ஒத்துக்கிறேன் சார்."

"எல்லாப் பெட்டியிலயுமா?"

"அறுபதுலயும் சார்."

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"தெரிஞ்சேதான்."

குற்றம் முழுவதையும் தானாகவே ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டார்கள். அறுபது பெட்டியையும் கழற்றிவந்து வெட்டி, மறுபடி சின்னத்தால் ஒட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. உத்தரவை எடுத்துக்கொண்டு துணை இயக்குநர் தன் கையாலேயே கொடுக்கப் போனார். வெல்டரம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார், ஒட்டை எங்கே வெட்ட வேண்டும் என்று அவருக்குத்தானே தெரியும்.

பணிமனை முற்றத்தில் அறுபது வண்டிகளும் வரிசையாக நின்றன. மூன்றரை மணி. வானம் ஈயம் மாதிரிக் கிடந்தது. ஓட்டுநர்கள் கூடிவிட்டார்கள். பணிமனை போர்மேன் நரைத்த மீசைக்காரர், அதிகம் பேசாதவர். உத்தரவை இரண்டு தடவை படித்தார். பிறகு சல்லடைப் பெட்டியைத் தூக்கி வரச் சொல்லி இரண்டு கல்லின்மேல் வைத்தார். பக்கத்தில், வெல்டரம்மா வளையத்தால் முதலில் செய்து பார்த்த சின்னஞ்சிறு பெட்டியை மூடியைக் கழற்றி வைத்தார். இரண்டிலும் குழாயைத் திறந்துவிட்டார்.

ஒன்று பொத்துக்கொண்டு ஊற்றியது. இன்னொன்று விளிம்பு வரைக்கும் நிரம்பி அசையாமல் நின்றது.

"இப்ப சொல்லுங்க சார்," என்றார் போர்மேன். "எதைக் கழட்டணும்?"

துணை இயக்குநர் உத்தரவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "ஒழுகாததை."

வெல்டரம்மாவின் தம்பி மட்டும் முன்னால் வந்து, இடது கையைத் துணை இயக்குநரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சார், இந்தக் கையைப் பாருங்க. போன தடவை ஒழுகின பெட்டி செஞ்சது."

"வருத்தமா இருக்குப்பா. ஒரு விண்ணப்பம் எழுதிக் குடு. பரிசீலிக்கிறோம்."

தம்பி கையை இறக்கினார். அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் திரும்பிப் போய்த் தன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இன்னொருவரும் ஏறினார். அவருக்குப் பின்னால் எல்லோரும். நாலு மணி வண்டிக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். ஒவ்வொன்றாக அறுபது வண்டியும் வாசலைத் தாண்டிப் போயின. மின்வண்டியாதலால் பெரிதாகச் சத்தம்கூட இல்லை. காலியான முற்றத்தில் உத்தரவும் கையுமாகத் துணை இயக்குநர் நின்றார். தலையில் முதல் சொட்டு மழை விழுந்தது. 'பேருந்துகள் சம்பவ இடத்தில் காணப்படவில்லை' என்று அறிக்கையில் எழுதிவிட்டு மையத்துக்குக் கிளம்பினார்.

அன்றைக்குப் பிடித்த மழை ஒன்றரை மாதம் விடவில்லை. பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீர் நின்ற நாளிலும் வண்டிகள் ஓடின. ஒரு பெட்டிக்குள்ளும் ஒரு சொட்டு இறங்கவில்லை. தம்பி ஏற்றத்தில் போகும்போது பிள்ளைகள் கத்துவது அவர் காதில் விழ ஆரம்பித்தது. "என்னமா கத்துதுங்கக்கா! காது கிழியுது," என்று வீட்டில் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

மழை விட்டதும் மையத்திலிருந்து ஒரே நாளில் இரண்டு அறிக்கைகள் வந்தன. மையத்தின் சின்ன வடிவக் கதிர் அறுபது பேருந்துகளை மழையிலிருந்து காப்பாற்றியது, அதற்காக இயக்குநருக்கு விருது என்பது முதல் அறிக்கை. சின்ன வடிவக் கதிரைப் பயன்படுத்தாத குற்றத்துக்காக வெல்டர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார் என்பது இரண்டாவது. இரண்டிலும் ஒரே ஆள்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரே பேனா.

போர்மேன் ஆள் அனுப்பி வெல்டரம்மாவைப் பணிமனைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

விருது கிடைத்ததன் பலன் சீக்கிரமே மையத்தின் தலையில் விழுந்தது. மேலிடம் மகிழ்ந்துபோய் இருநூறு பெட்டிகளுக்கு உத்தரவு கொடுத்தது. மையத்தில் இயந்திரத்தை எப்படி இயக்குவதென்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் கையேட்டைப் படித்துப் பார்க்கலாமே என்றார். அதற்கு ஒரு துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழு அறிக்கை தருவதற்குள் மேலிடத்திலிருந்து மூன்று தடவை தொலைபேசி வந்துவிட்டது. கடைசியில் ஒருநாள் துணை இயக்குநர் பணிமனைக்கு வந்து, எண்ணெய்க் கறைக்கு நடுவில் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து, வெல்டரம்மா எதிரே நின்றார்.

"அம்மா, சௌக்கியமா? ஒரு சின்ன விஷயம்."

"சொல்லுங்க சார்."

"நீங்க போட்ட அந்த... தவறு. அதை மறுபடி செய்ய முடியுமா? இருநூறு தடவை?"

வெல்டரம்மாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஒரு பதில் சொல்ல வேண்டும்போல இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருநூறு வண்டி, ஒவ்வொன்றிலும் ஐம்பது அறுபது பேர் என்று மனது கணக்குப் போட்டது. விழுங்கிக்கொண்டார்.

"உங்க இடத்துக்கு நான் வர மாட்டேன். மிஷினை இங்க அனுப்பிடுங்க."

துணை இயக்குநரின் முகம் மலர்ந்ததைப் பார்த்து வெல்டரம்மாவே ஆச்சரியப்பட்டார். பிறகுதான் தெரிந்தது, மையத்தில் ஏற்கனவே அதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஒன்பது வருடத்தில் நடந்த ஒரே ஒழுங்கீனம் அந்த இயந்திரத்தால்தான் வந்தது. அது இல்லாவிட்டால் ஆராய்ச்சி தடையில்லாமல் நடக்கும். நாடாவைக்கூட வெட்டாமல், அதைக் கட்டியிருந்த கம்பங்களோடு பெயர்த்து, மூன்றாம் நாளே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

ஒப்படைப்புக் கையெழுத்துக்குத் துணை இயக்குநர் கூடவே வந்தார். வெல்டரம்மா இயந்திரத்தின் கூண்டுக்குள் இரண்டு தகடுகளை வைத்துக் கதவைச் சாத்தினார். கூண்டில் பதித்திருந்த கறுப்புக் கண்ணாடியைக் காட்டி, "இது வழியா பாருங்க சார். கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது," என்றார்.

துணை இயக்குநர் தயங்கித் தயங்கிக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டினார். கதிர் இறங்கியது. இரண்டு தகட்டுக்கும் நடுவில் இருந்த கோட்டின்மேல் சின்னக் குளம் ஒன்று உருகி, தெறிக்காமல், அலையாமல், நகர்ந்து நகர்ந்து போனது. அது போன வழியில் கோடு மறைந்து இரண்டும் ஒன்றாயின. முடிந்த பிறகும் அவர் நெற்றியை எடுக்கவில்லை.

"ஒட்டிக்குச்சா?" என்று கேட்டார்.

"ஒட்டிக்குச்சு சார்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். போர்மேனும் ஓட்டுநர்களும் நின்ற பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, வெல்டரம்மாவின் காதருகே குனிந்தார்.

"நான் பாத்தேன்னு மட்டும் எங்கயும் எழுதிடாதீங்கம்மா."